ரெட்டுக்கு ஃபாலோ உண்டு, ஃபயர்பாலுக்கு?

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் ஆடுகிற விளையாட்டு அது. மொத்தம் ஐந்து பேர். கதையை நடத்துகிற டிஎம் நான். மற்ற நால்வரில் ஒருவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவருடைய பாத்திரம் ஃபைட்டர்: வாள், கேடயம், கனமான கவசம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் விசார்ட், அதாவது மந்திரவாதி. போன வருடம் ஒருநாள் ஆட்டம் முடிந்து பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபைட்டர் மெதுவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதக்கா. என் டர்ன் வர்றதுக்குள்ள எல்லாமே முடிஞ்சிடுது. அடுத்த வாரம் நான் வரணுமா?"

அன்றைக்கு நடந்தது இதுதான். கடத்தல்காரர்களின் கிடங்குக்குள் நுழைய வேண்டும். சுற்றி உயரமான மதில். தம்பியின் விசார்ட் பறக்கும் மந்திரம் போட்டுத் தாண்டினான். காவலாளியின் மனதை ஒரு மந்திரத்தால் மாற்றினான். பூட்டிய கதவை 'நாக்' என்ற மந்திரத்தால் திறந்தான். உள்ளே பன்னிரண்டு அடியாட்கள், நடுவில் ஒரு ஃபயர்பால், அதாவது வெடிக்கும் நெருப்புக் கோளம். புகை அடங்கியபோது ஒருவன் மட்டும் தள்ளாடிக்கொண்டு நின்றான். அந்த ஒருவனை வெட்டுவதுதான் அன்று ஃபைட்டருக்குக் கிடைத்த வேலை. அதற்காக அவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் வந்திருந்தார்.

மந்திரம் போடுகிறவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நடுவே இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு இந்த விளையாட்டைப் போலவே பழையது. ஐம்பது வருடமாக ஒவ்வொரு பதிப்பும் இதைச் சரி செய்யப் பார்த்திருக்கிறது. 'ஃபைட்டர் நேர்கோட்டில் வளர்வான், விசார்ட் வர்க்கத்தில் வளர்வான்' என்று ஆடுகிறவர்கள் நடுவே ஒரு வாசகமே உண்டு. பள்ளிக் கணக்கில் படித்த அதே வர்க்கம்தான். ஏன் இப்படி ஆனது, யார் எதை மாற்றினார்கள், நம் வீட்டு மேசையில் என்ன செய்ய முடியும் என்று இந்த ஒரு வருடமாக நான் யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு மேசை என்று தனியாக எதுவும் கிடையாது. கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல்தான் வரைபடத்தை விரிப்போம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த ஊர் பக்கம் இது. போர்டு இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. போர்டில் மிகப் பெரிய காய் ரெட். ஆனால் ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்து ஃபாலோ, அதாவது உடனே நம் காய் ஒன்றையும் போட வேண்டும். போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். சம்மேளன விதிப்படி இன்னொன்றும் உண்டு: 25 புள்ளி ஆட்டத்தில் 22-ஐத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் ரெட்டுக்கு உரிய 3 புள்ளி கிடைக்காது. முன்னால் ஓடுகிறவர் ரெட்டை வைத்தே ஆட்டத்தை முடித்துவிட முடியாது. பெரிய சக்தி இருக்கலாம், அதற்கு ஒரு பின்வேலையும் ஒரு எல்லையும் இருக்க வேண்டும் என்பதைக் கேரம் இரண்டே விதியில் செய்து முடித்திருக்கிறது. மந்திரத்துக்கு அந்த ஃபாலோ எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

அடியின் கணக்கில் பிரச்சினை இல்லை

முதலில் எல்லோரும் செய்கிற தவற்றை நானும் செய்தேன். ஃபயர்பாலின் பலத்தைக் குறைத்தேன். தம்பியின் முகம் வாடியது, ஃபைட்டரின் நிலைமை ஒரு துளியும் மாறவில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் விசார்டுக்கு ஃபயர்பால் கிடைக்கிறது: எட்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 28. அதே லெவலில் ஃபைட்டர் ஒரு சுற்றில் இரண்டு முறை தாக்கலாம். நீள வாள், நல்ல உடல்பலம், ஒற்றைக் கைச் சண்டைப் பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஓர் அடிக்குப் பத்தரை. இரண்டும் பட்டால் 21. விசார்டால் அந்த லெவலில் ஃபயர்பால் போன்ற மூன்றாம் நிலை மந்திரத்தை இரண்டு தடவைதான் போட முடியும். ஃபைட்டரோ கை ஓயும்வரை வெட்டலாம். கூட்டமாக நிற்கும் எதிரிகள் என்றால் ஃபயர்பால் பெரியது, ஒற்றை ராட்சசன் என்றால் ஃபைட்டர் பின்தங்கவே இல்லை. அப்படியானால் அன்று அவர் ஏன் உடைந்துபோனார்?

அன்றைய கிடங்குக் கதையைத் திரும்பப் படியுங்கள். மதில், காவலாளி, பூட்டு, சண்டை என்று நான்கு தடைகள். சண்டை அதில் ஒன்றுதான். நான்குக்கும் விசார்டிடம் பதில் இருந்தது, ஃபைட்டரிடம் ஒன்றுக்கு மட்டும். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஃபைட்டர் மதில் ஏற வேண்டுமென்றால் என்னைப் பார்த்து "ஏற முடியுமா?" என்று கேட்பார். நான் ஓர் எண் சொல்வேன், அவர் பகடை உருட்டுவார், மூன்று விழும், கீழே விழுவார். விசார்ட் கேட்பதில்லை. "பறக்கிறேன்" என்கிறான். பறக்கலாம், இத்தனை அடி, இத்தனை நேரம் என்று மந்திரத்தின் விளக்கமே எழுதிவைத்திருக்கிறது. டிஎம்மின் அனுமதி தேவையில்லை, பகடையும் தேவையில்லை. ஒருவர் விண்ணப்பம் போடுகிறார், இன்னொருவர் அறிவிக்கிறார். வாளின் அடியை எவ்வளவு ஏற்றினாலும் இந்த இடைவெளி குறையாது.

பீரங்கியும் காலாட்படையும்

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1971-க்குப் போக வேண்டும். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்று ஒரு போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார்கள். சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி மத்தியகாலப் போர் நடத்துவதற்கானது. அதன் பின்பகுதியில் டிராகன், மந்திரவாதி போன்றவற்றுக்கும் விதிகள் சேர்த்திருந்தார்கள். அதில் மந்திரவாதியின் நெருப்புக் கோளம் கல்லெறி இயந்திரத்தைப் போலக் கணக்கிடப்பட்டது. மின்னல் வீச்சு பீரங்கியைப் போல. அதாவது மந்திரவாதி பிறக்கும்போதே பீரங்கியாகத்தான் பிறந்தான்.

ஒரு சேனையில் பீரங்கி காலாட்படையைவிடப் பலமாக இருந்தால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் நகர்த்துவது ஒரே கைதான். காலாட்படை முன்னால் நின்று பீரங்கியைக் காக்கும், பீரங்கி பின்னால் நின்று அடிக்கும், வெற்றி அந்த ஒருவருக்கு. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது அந்தச் சேனையைப் பிரித்து ஆளுக்கொரு பொம்மையாகக் கொடுத்தார்கள். ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக் என்று மூன்றே வகுப்பு, அதாவது பாத்திர வகை. ஒருவர் கையில் பீரங்கி, இன்னொருவர் கையில் ஈட்டிக்காரன். சண்டைக் களத்தில் நியாயமாக இருந்த வித்தியாசம் நண்பர்கள் வட்டத்துக்குள் வந்ததும் அநியாயமாகிவிட்டது. சமநிலைப் பிரச்சினை பிறந்த இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் காலத்தில் ஆடியவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நிறையத் தடைகள் போட்டிருந்தார்கள். முதல் லெவலில் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். போட்டதும் அது மனதிலிருந்து அழிந்துவிடும், மறுநாள் புத்தகத்தைத் திறந்து மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த யோசனையை ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட கதைகளிலிருந்து எடுத்தார்கள். நமக்கு இது புதிதல்ல. பரசுராமரிடம் கற்ற பிரம்மாஸ்திரம் வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்று கர்ணன் வாங்கிய சாபத்தைக் கூத்தில் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் இந்தத் தடைகள் முழு வடிவம் எடுத்தன. ஒவ்வொரு லெவலுக்கும் ஃபைட்டரின் உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுகப் பகடை, மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை. ஒரு பூனை பிறாண்டினால்கூட முதல் லெவல் மந்திரவாதி செத்துப்போகலாம். இரண்டாம் லெவலுக்கு ஏற ஃபைட்டருக்கு ஏறக்குறைய 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் அந்த மந்திரம் வீண். அதனால் மந்திரவாதிக்கு முன்னால் கேடயத்தோடு ஒருவர் நின்றே ஆக வேண்டும். ரெட்டுக்கு ஃபாலோ போல, மந்திரத்துக்கு ஃபைட்டர்.

இன்னொரு தடையைப் பலரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது. மந்திரத்தைத் தாக்குப்பிடிக்க 'சேவிங் த்ரோ' என்று ஒரு பகடை வீச்சு உண்டு. அட்வான்ஸ்டு பதிப்பின் விதிப்படி அது தாக்கப்படுகிறவரின் வகுப்பையும் லெவலையும் மட்டும் பொறுத்தது. மந்திரவாதி எவ்வளவு பெரிய ஆள் என்பது கணக்கில் வராது. முதல் லெவல் ஃபைட்டர் மந்திரத்திலிருந்து தப்ப இருபதுமுகப் பகடையில் 17 போட வேண்டும். 17-ஆம் லெவலில் 6 போட்டால் போதும். நான்கில் மூன்று தடவை தப்பிவிடுவார். வயதேற ஏற மந்திரம் அவர்மேல் ஒட்டாமல் போகும். பல போர் கண்ட கிழட்டு வீரனிடம் மந்திரவாதியின் பாச்சா பலிக்காது என்ற எண்ணம் கணக்கிலேயே இருந்தது.

2000-இல் கழன்ற பிரேக்குகள்

மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது. விதிகளை ஒழுங்காக, ஒரே மாதிரி, படிக்க எளிதாக ஆக்க வேண்டும் என்பது அதை எழுதியவர்களின் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஒழுங்கில் பழைய தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. எல்லா வகுப்புக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை வந்தது. எதிரி பக்கத்தில் நின்றாலும் கவனமாக மந்திரம் சொல்ல ஒரு திறன் வந்தது. விசார்ட் முதல் லெவலிலேயே மந்திரச் சுருள் எழுதிவைக்கலாம், கொஞ்சம் வளர்ந்ததும் ஐம்பது தடவை பயன்படும் மந்திரக்கோல் செய்யலாம். 'நாளைக்கு இத்தனைதான்' என்ற எல்லைக்கு அதோடு அர்த்தம் போய்விட்டது. பூட்டுத் திறப்பதையே பிழைப்பாக வைத்திருந்த திருடன் வகுப்புக்கு நாக் மந்திரம் நிரப்பிய ஒரு கோல் நிரந்தரப் போட்டி.

சேவிங் த்ரோவும் தலைகீழானது. இப்போது தப்ப வேண்டிய எண் 10, அதோடு மந்திரத்தின் நிலை, அதோடு மந்திரவாதியின் அறிவுக்கான கூட்டல். உச்ச லெவல் விசார்ட் ஒன்பதாம் நிலை மந்திரம் போட்டால் 29 வரை எளிதாக வரும். மனவலிமையில் பலவீனமான ஃபைட்டருக்கு 20-ஆம் லெவலில் சொந்தமாக வருவது 6. நல்ல மந்திரப் போர்வையும் மற்றதும் சேர்ந்தால் 12 ஆகும். தப்ப வேண்டுமானால் பகடையில் 17 விழ வேண்டும். அட்வான்ஸ்டு பதிப்பில் முதல் லெவல் பொடியனுக்கு இருந்த அதே 17. இருபது லெவல் ஏறியும் மந்திரத்தின் முன்னால் அவன் அதே பொடியன். ஃபைட்டர் பலவீனமாகிவிட்டதாக ஆடுகிறவர்கள் உணர்ந்தபோது எல்லோரும் வாளின் கணக்கைத்தான் பார்த்தார்கள். ஓட்டை இங்கே இருந்தது.

விசார்டைவிட கிளெரிக்கும், இயற்கையின் மந்திரம் போடும் ட்ரூயிடும் இன்னும் மோசம் என்று அந்தப் பதிப்பை ஆடியவர்கள் சொல்வார்கள். ட்ரூயிடின் வளர்ப்பு மிருகமே தொடக்க லெவல்களில் ஃபைட்டருக்குச் சமமாகச் சண்டை போடும். ட்ரூயிட் அதற்கு மேல் மந்திரமும் போடுவார், பிறகு தானே கரடியாகவும் மாறுவார்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு இந்த முடிச்சை ஒரே வெட்டில் வெட்டியது. எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை சில, சண்டைக்கு ஒரு தடவை சில, நாளைக்கு ஒரு தடவை சில. ஃபைட்டருக்கும் நாளைக்கு ஒரு தடவை போடும் பேரடி உண்டு, எதிரியைத் தன்னைவிட்டு நகரவிடாமல் பிடித்துவைக்கும் வேலையும் உண்டு. சமநிலை வந்தது. ஆனால் எல்லா வகுப்பும் ஒரே ருசி என்று நிறையப் பேர் விலகினார்கள். மூன்றாம் பதிப்பின் வழியிலேயே 2009-இல் வந்த 'பாத்ஃபைண்டர்' பக்கம் ஒரு கூட்டம் போனது. என்னைக் கேட்டால் நான்காம் பதிப்புக்குக் கிடைத்த திட்டு அதிகம். ஃபைட்டரை ஆடுகிறவரையும் ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்கவைத்த பதிப்பு அது.

ஐந்தாம் பதிப்பு பாதி வழி திரும்பி வந்தது. அதில் எனக்குப் பிடித்தது 'கான்சன்ட்ரேஷன்' விதி. பறத்தல், மறைதல், மனதைக் கட்டுதல் போன்ற நீடிக்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். அடி பட்டால் பகடை உருட்ட வேண்டும், தவறினால் மந்திரம் கலையும். பழைய ஃபாலோ ஓரளவு திரும்பிவிட்டது. நாக் மந்திரத்துக்கும் ஒரு விலை வைத்தார்கள்: கதவு திறக்கும்போது 300 அடி தூரம் கேட்கும்படி ஒரு தட்டல் சத்தம். அன்று எங்கள் கிடங்குக் கதவைத் தம்பி திறந்தபோது இந்தச் சத்தத்தை நான் மறந்துவிட்டேன். அது என் தப்பு.

கடோத்கஜன் ஏன் வேண்டும்

ஆனால் ஐந்தாம் பதிப்பின் சமநிலை முழுவதும் வேறொரு தூணில் நிற்கிறது: நாள். 2014 டிஎம் கையேடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களைக் குழு சமாளிக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறது. நடுவில் இரண்டு சிறு ஓய்வு, முடிவில் எட்டு மணி நேர நீள ஓய்வு. நீள ஓய்வுக்குப் பிறகுதான் விசார்டின் மந்திரங்கள் முழுசாகத் திரும்பும். ஆறு மோதலுக்கு அவற்றைப் பங்குபோட்டால் ஒரு மோதலுக்கு நல்ல மந்திரம் ஒன்றோ இரண்டோதான் வரும். மிச்ச வேலை வாளுக்கு.

மகாபாரதம் இதை நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. கவச குண்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கர்ணன் இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று அதைப் பத்திரமாக வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கண்ணன் கடோத்கஜனை இறக்கினான். கௌரவ சேனை சின்னாபின்னமாக, வேறு வழியில்லாமல் கர்ணன் அந்த ஒன்றை அங்கே வீச வேண்டியதாயிற்று. டிஎம் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பெரிய சக்தியைப் பிடுங்குவதில்லை, அதை எங்கே செலவழிப்பது என்று தவிக்கவைப்பது. ஒரு நாளில் ஒரே ஒரு சண்டை என்றால் கர்ணன் முதல் மூச்சிலேயே அர்ச்சுனனைக் கொன்றிருப்பான்.

எங்கள் மாடியில் நடந்துகொண்டிருந்தது அதேதான். ஞாயிறு ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்போம். யார்டுக்கு நைட் ஷிப்ட் போகிறவர் ஒருவர், வீட்டில் குழந்தையை விட்டு வருகிறவர் ஒருவர். மூன்று மணி நேரத்தில் ஒரு சண்டை, அதிகம் போனால் இரண்டு. ஒரு ஞாயிறு ஆட்டத்தைக் கதையிலும் ஒரு நாளாகவே முடித்துவிடுவேன். அடுத்த வாரம் எல்லோரும் தூங்கி எழுந்து முழு பலத்தோடு தொடங்குவார்கள். எட்டு மோதலுக்கு வைத்த மந்திரங்களைத் தம்பி இரண்டு மோதலில் கொட்டிக்கொண்டிருந்தான். அவன்மேல் தவறே இல்லை. விதியை எழுதியவர்கள் நினைத்த நாளும் வேலைக்குப் போகிறவர்களின் ஞாயிறும் பொருந்தவில்லை. மந்திரவாதிகளைப் பற்றி வருகிற முக்கால்வாசிப் புகாருக்கு இதுதான் காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதனால் கதையையே மாற்றி அமைத்தேன். எங்கள் கற்பனை நகரம் ஒரு மீன்பிடித் துறைமுகம், காசிமேட்டைப் பார்த்து வரைந்தது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு இல்லையா, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. தடை முடிகிற அன்று எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும், அந்தக் கூட்டத்தில் கடத்தல்காரர்களும் நழுவிவிடுவார்கள். கதை முழுக்க அந்த 61 நாளுக்குள் முடிய வேண்டும். அப்புறம் கையேட்டிலேயே இருக்கிற ஒரு மாற்று விதியை எடுத்தேன்: சிறு ஓய்வு எட்டு மணி நேரம், நீள ஓய்வு ஏழு நாள். 61 நாளில் அதிகபட்சம் எட்டு நீள ஓய்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கைவிட்டுப் போகும். இப்போது தம்பி ஒரு மந்திரம் போடுவதற்கு முன்னால் நாள்காட்டியைப் பார்க்கிறான்.

இதை அப்படியே எடுத்தால் சில இடங்களில் இடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். விசார்டுக்குச் சிறு ஓய்வில் சில மந்திர ஸ்லாட்டுகளை, அதாவது மந்திரம் போடும் வாய்ப்புகளை, மீட்கும் வசதி நாளைக்கு ஒரு தடவை என்று இருக்கிறது. அதை நீள ஓய்வுக்கு ஒரு தடவை என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஓட்டை அப்படியே இருக்கும். எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரக் கவசம் போன்றவை ஒரு வாரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அவற்றை அடுத்த சிறு ஓய்வு வரை நீட்டிக்கொடுத்தேன். இன்னொன்று, ஃபைட்டருக்கு எல்லையே இல்லை என்பதும் உண்மையில்லை. வாளுக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம், உயிர்ப்புள்ளிக்கு உண்டு. ஆறாவது மோதலில் முதலில் விழுகிறவர் முன்னால் நின்றவர்தான். அதனால் சுகமளிக்கும் கஷாயக் குப்பிகளை விலை குறைத்து எளிதாகக் கிடைக்கும்படி செய்தேன்.

வாத்தியாரின் கை நீளம்

நேரம் சரியானதும் சண்டைகள் சரியாயின. மதில், காவலாளி, பூட்டு? அங்கே இன்னும் ஃபைட்டர் என்னிடம் விண்ணப்பம்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

விடை நான் வளர்ந்த தெருக்களில் இருந்தது. வடசென்னையின் குத்துச்சண்டை வரலாற்றில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. ஒரு பரம்பரைக்காரர் என்றால் வாத்தியார் இருப்பார், சிஷ்யர்கள் இருப்பார்கள், எதிர்ப் பரம்பரை இருக்கும். ஒரு பெரிய வாத்தியாரின் பலம் அவர் கையில் மட்டும் இல்லை. அவரிடம் பழகியவர்கள் துறைமுகத்தில் இருப்பார்கள், ரயில்வேயில் இருப்பார்கள், காவலில் நிற்பார்கள். அவர் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். இது பகடை உருட்டிக் கேட்கிற விஷயமில்லை, சம்பாதித்து வைத்த விஷயம்.

பழைய விதிகளிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. 1978 பதிப்பில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் கோட்டை கட்டினால் அவனைத் தேடி வீரர்கள் வந்து சேர்வார்கள். மந்திரவாதிக்கு மந்திரம், வீரனுக்கு ஊர். பின்னால் வந்த பதிப்புகள் அந்த ஊரைப் பறித்துக்கொண்டு வாளை மட்டும் விட்டுவைத்தன. ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் ஆயுதங்களுக்குத் தள்ளுவது, கீழே சாய்ப்பது போன்ற தனி வித்தைகள் வந்திருக்கின்றன. நல்லதுதான், ஆனால் எல்லாமே சண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

எங்கள் ஃபைட்டருக்கு ஒரு பரம்பரை கொடுத்தேன். விதி எளிது: ஒரு நீள ஓய்வுக்கு மூன்று தடவை, "அந்த ஆளு நம்மகிட்ட பழகினவன்" என்று அவர் அறிவிக்கலாம். கேட்பதில்லை, அறிவிப்பது. பகடை கிடையாது. காவலாளி, படகோட்டி, ஐஸ் கம்பெனிக் கூலி, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பதிலுக்கு அந்த ஆளுக்கு ஒரு கடன் சேரும். பிறகு ஒருநாள் அவன் கேட்டு வருவான், செய்துதான் ஆக வேண்டும். அதுதான் இதற்கு ஃபாலோ. முதல் தடவை இதைப் பயன்படுத்தியபோது அவர் கதவுக்குப் பின்னால் நின்ற காவலாளிக்கு ஒரு பெயர் வைத்தார், உடைந்த மூக்கு வைத்தார், எந்தப் போட்டியில் உடைந்தது என்பது வரை சொன்னார். கால் மணி நேரம் நாங்கள் யாருமே பகடையைத் தொடவில்லை.

மற்ற விளையாட்டுகளும் இதற்கு வெவ்வேறு வழி பார்த்திருக்கின்றன. 1987-இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹாகனும் செய்த 'ஆர்ஸ் மேஜிகா' மந்திரவாதிதான் பெரியவன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவன், எல்லோருக்கும் பொதுவான காவல் வீரர்கள் என்று கொடுத்துவிட்டு, வாராவாரம் யார் எதை ஆடுவது என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. பீரங்கியும் காலாட்படையும் மறுபடி ஒரே கைக்கு வந்துவிடுகின்றன. 2012-இல் வந்த 'டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்' மந்திரம் போடவே பகடை உருட்டச் சொல்கிறது, தவறினால் உடம்பே விகாரப்படலாம். வீரனுக்கோ ஒவ்வொரு வெட்டோடும் ஒரு கூடுதல் பகடை. எதிரியின் கண்ணில் மண் தூவுகிறேன், சரவிளக்கில் தொங்கிப் பாய்கிறேன் என்று அவன் சொன்னது அதில் மூன்றோ மேலோ விழுந்து வெட்டும் பட்டால் நடக்கும். பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பில் நாக் மந்திரம் தானாகக் கதவைத் திறக்காது. பூட்டைத் திறக்க முயல்கிறவருக்கு நான்கு கூட்டிக்கொடுக்கும். திருடனின் வேலையைப் பிடுங்கிய மந்திரத்தைத் திருடனுக்குக் கைகொடுக்கவைத்த அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. அதை அப்படியே எங்கள் மாடிக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

தம்பி இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டான் என்று கேட்பீர்கள். ஃபயர்பாலை நான் குறைத்தபோது வாடியவன், அதை முழுசாகத் திருப்பிக்கொடுத்துவிட்டு நாளை மட்டும் நீட்டியபோது எதுவும் சொல்லவில்லை. விசார்டை எடுத்தவர்களுக்கு வேண்டியது பெரிய அடி மட்டும் இல்லை. எப்போது போடுவது என்ற அந்தத் திட்டமிடல்தான் அவர்களின் சுகம். முன்பு அதற்கு அவசியமே இல்லாமல் இருந்தது.

இப்போது கதையில் 54-ஆம் நாள். எல்லோரும் ஒன்பதாம் லெவல். மிச்சம் ஏழு நாள், சரியாக ஒரு நீள ஓய்வுக்கு இடம் இருக்கிறது, எடுத்தால் படகுகள் போய்விடும். தம்பியிடம் பெரிய மந்திரம் போட ஒரே ஒரு ஸ்லாட் மிச்சம். ஃபைட்டருக்குப் பரம்பரை அறிவிப்பு ஒன்று மிச்சம், தலைக்கு மேல் நான்கு கடன். போன ஞாயிறு எட்டு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியபோது கடத்தல் படகின் தளத்தில் இருவரும் முதுகோடு முதுகு சாய்த்து நின்றார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று மாடிப்படி இறங்கியவர் பாதியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்: "தம்பி, அந்த ஒண்ண இப்ப போட்றாத. நான் முன்னாடி போறேன்."